ஒரு நாள் சட்டமும் பல்லாண்டு மௌனமும்



காங்கிரஸ் என்றதும் நம் நாட்டிலே கதராடையும் கைராட்டையும் நினைவுக்கு வரும். அமெரிக்க நாட்டிலே காங்கிரஸ் என்பது கட்சியல்ல, மன்றம். அந்நாட்டின் சட்டங்கள் பிறக்கும் இடம். அந்த மன்றத்தின் நடைமுறை நமக்கெதற்கு, வாஷிங்டனில் மழை பெய்தால் வத்தல்மலையில் குடை பிடிப்பதா என்று கேட்பீர்கள். கேளுங்கள்! கேட்கத்தான் வேண்டும். நானும் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு மேடைக்கு வந்தவன். அரசியல் சட்டத்தைப் பேராசிரியர் வாயிலாகப் படித்தவனல்லன். ஆயினும் சட்டம் எப்படிப் பிறக்கிறது, எங்கே சாகிறது என்பதை அறியாமலிருந்ததால் தருமபுரி மாவட்டம் என்ன விலை கொடுத்தது என்பதைக் கண்ணால் கண்டவன். ஆகவே சொல்கிறேன்.

2021 பிப்ரவரி 26. தேர்தல் தேதி அறிவிக்கப்படும் நாள். மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 விழுக்காட்டுக்குள்ளே வன்னியருக்குப் பத்தரை விழுக்காடு தனியாக ஒதுக்கும் மசோதா அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. எஞ்சியதில் ஏழு விழுக்காடு சீர்மரபினரையும் வேறு சில வகுப்பினரையும் சேர்த்த ஒரு பிரிவுக்கு, இரண்டரை விழுக்காடு மற்றவர்க்கு என்று கணக்குப் போட்டார்கள். முதலில் மசோதா, அன்றைக்கே ஆளுநரின் இசைவும் கிடைத்தது, மாலையில் தேர்தல் அறிவிப்பு! தொட்டிலும் தாலாட்டும் திருமணமும் ஒரே நாளில் நடந்தேறிய அதிசயம் அது.

பாலக்கோடு முதல் அரூர் வரை மகிழ்ந்தோரும் உண்டு, 'எங்கள் பங்கு குறைந்ததே' என்று நெஞ்சு புழுங்கியோரும் உண்டு. இரு சாராரும் இந்த மண்ணின் மக்களே. இரு சாராரும் நம்மவரே. ஏழ்மையிலே உழலும் ஒரு பெருங்கூட்டம் தனி ஒதுக்கீடு கேட்டதும் பாவமல்ல, அதை அஞ்சிய சிறு கூட்டங்கள் அச்சத்தைச் சொன்னதும் பாவமல்ல. அந்த இரண்டு குரலையும் ஒரே அறையில் உட்காரவைத்து, எத்தனை பேர், எத்தனை பட்டதாரி, எத்தனை அரசு ஊழியர் என்று கணக்கெடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. நேரம் ஏது? தேர்தல் மணி அடித்துவிட்டதே!

விளைவு? 2021 நவம்பர் 1 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அச்சட்டம் செல்லாது என்றது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அம்முடிவை உறுதி செய்தது. உற்றுக் கேளுங்கள்: உள் ஒதுக்கீடு செய்ய மாநிலத்துக்கு உரிமையே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. உரிமை உண்டு என்றே சொல்லிற்று. ஆனால் ஒரு வகுப்பை மட்டும் தனித்துப் பிரிப்பதற்குத் தக்க ஆதாரம் எங்கே, இன்றைய நிலையைக் காட்டும் புள்ளிவிவரம் எங்கே என்று கேட்டது. பதில் இல்லை. வாதாட வழக்கறிஞர் இருந்தனர். கையிலே ஏடு இல்லை.

இதற்கு நேர் எதிரான காட்சியும் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 69 விழுக்காட்டைக் காக்கும் மசோதா 1993 டிசம்பர் 31 அன்று நம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. 1994 ஜூலை 19 அன்று குடியரசுத் தலைவர் இசைவு தந்தார். அதே ஆண்டிலே 76ஆவது திருத்தத்தால் அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் ஏறிற்று. அதன் பின்னே சட்டநாதன் குழுவின் உழைப்பு இருந்தது, அம்பாசங்கர் குழு வீடு வீடாகத் திரட்டிய கணக்கு இருந்தது. எண்ணிப் பார்த்துப் போட்ட சட்டம் அது.

இங்கேதான் அமெரிக்க மன்றத்தின் கதை நமக்கு வேண்டியிருக்கிறது.

அங்கே இரண்டு அவைகள். கீழவையில் 435 பேர், மக்கள் தொகைக் கணக்குப்படி. மேலவையில் 100 பேர்; பெரிய மாநிலமாயினும் சிறிய மாநிலமாயினும் தலைக்கு இருவர். கலிபோர்னியாவுக்கும் இருவர், நம் சேலம் நகர மக்கள் தொகையைக் கூட எட்டாத வயோமிங் மாநிலத்துக்கும் இருவர்! நம் மாநிலங்களவையிலோ தமிழ்நாட்டுக்கு 18, உத்தரப் பிரதேசத்துக்கு 31. கூட்டாட்சி என்ற ஒரே சொல்லுக்குள்ளே எத்தனை வேறுபாடு பாருங்கள். அதைப் பற்றித் தனியே ஒரு ஞாயிறு பேசலாம்.

மசோதா ஒன்று அங்கே புகுந்தால் நேரே வாக்கெடுப்புக்கு ஓடாது. குழுவுக்குப் போகும். குழு என்றால் பெயருக்குக் கூடித் தேநீர் அருந்திக் கலையும் குழுவல்ல. அமைச்சரை அழைக்கும், முதலாளியை அழைக்கும், தொழிற்சங்கத்தானை அழைக்கும், பாதிரியாரை அழைக்கும், பாதிக்கப்பட்ட ஏழையையும் அழைக்கும். உறுதிமொழி வாங்கிக்கொண்டு கேள்வி கேட்கும். அத்தனையையும் எழுதி அச்சிடும். பின் வரிவரியாக மசோதாவைத் திருத்தும். ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் அந்த மன்றத்திலே பல்லாயிரம் மசோதாக்கள் நுழைகின்றன, சட்டமாய் வெளிவருவன சில நூறே. மற்றவை குழு அறைகளிலேயே கண்ணை மூடும்.

நம் தகடூர் மண்ணின் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன அவ்வையாருக்கு அவன் தன் படைக்கொட்டிலைக் காட்டினான். பளபளப்பான ஆயுதங்கள், அலங்காரம், காவல்! அவ்வையார் புகழ்வதுபோல் புகழ்ந்தார்: உன்னுடையவை அழகாக ஓய்வெடுக்கின்றன, எங்கள் மன்னனுடையவையோ அடிபட்டுத் தேய்ந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றில் இருக்கிறது, படித்தவர் சிரிப்பர், தொண்டைமான் சிரித்திருக்க மாட்டான். பத்தரை விழுக்காட்டுச் சட்டம் தொண்டைமான் கொட்டிலில் இருந்த வேல். சுத்தியல் படாத வேல். நீதிமன்றத்திலே நீட்டியபோது முனை மடங்கிற்று.

பட்டறையில் அடிபட்ட வேல் எப்படி இருக்கும்? 1964இல் அமெரிக்கா இயற்றிய குடியுரிமைச் சட்டத்தைப் பாருங்கள். கறுப்பின மக்களுக்கு உணவு விடுதியிலே இடமில்லை, தங்கும் விடுதியிலே அறையில்லை, வேலையிலே நீதியில்லை என்ற கொடுமையை ஒழிக்க 1963 ஜூனில் அந்த மசோதா மன்றத்துக்கு வந்தது. நம் ஊர்த் தேநீர்க் கடையிலே இரட்டைக் குவளை வைத்தானே, அதே நோய், வேறு கண்டம். கீழவையிலே குழு கூடிச் சாட்சிகளை விசாரித்தது. 1964 பிப்ரவரி 10 அன்று 290க்கு 130 என்று நிறைவேறிற்று. பிறகு மேலவை.

மேலவையிலே ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் எழுந்து பேசத் தொடங்கினால் அவராக உட்காரும் வரை எளிதில் உட்காரவைக்க இயலாது. பேசிப் பேசியே மசோதாவைச் சாகடிக்கலாம். 1957இல் இதே போன்ற வேறொரு மசோதாவை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் என்பவர் 24 மணி 18 நிமிடம் நின்றபடி பேசினார். மூன்று மணி நேரம் பேசினாலே சோடா கேட்கும் என்னைப் போன்ற மேடைப் பேச்சாளருக்கு அந்த உடலுரத்தைக் கண்டு பொறாமை வரலாம். எதற்காகப் பேசினார் என்று அறிந்தாலோ அருவருப்புத்தான் வரும். அத்தனை பேச்சுக்கும் பிறகு அந்த மசோதா நிறைவேறிற்று என்பது ஓர் ஆறுதல்.

1964இலோ தனி ஒருவரல்ல, தென் மாநில உறுப்பினர்கள் அணி வகுத்துப் பேசினர். வாரக்கணக்கில் பேசினர். பேச்சுக்கு முடிவு கட்ட அன்றைய விதிப்படி 67 வாக்குகள் வேண்டும். ஜூன் 10 அன்று வாக்கெடுப்பு. கலிபோர்னியாவின் கிளேர் எங்கிள் மூளையிலே கட்டி வந்து பேச்சை இழந்தவர். சக்கர நாற்காலியிலே அவைக்குக் கொண்டுவந்தனர். பெயரை அழைத்தனர். வாய் திறக்க முயன்றார், சொல் வரவில்லை. நடுங்கும் கையைத் தூக்கித் தன் கண்ணைச் சுட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும், அவையில் 'ஆம்' என்று வாக்களிக்கும் சொல்லுக்கும் ஒரே ஒலி. 'ஐ' என்று பதிந்தார்கள். 71க்கு 29! ஐம்பது நாள் கழித்து, ஜூலை 30 அன்று அவர் மறைந்தார். நாடகம் எழுதுபவன் நான். இப்படியொரு காட்சியைக் கற்பனையில் எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறாய் என்று நண்பர்களே அடித்திருப்பார்கள்.

ஜூலை 2 அன்று குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்டார். விடுதி முதலாளிகள் சும்மா இருப்பரா? அட்லாண்டா நகரத்து விடுதிக்காரர் ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஏன் தெரியுமோ? தங்க இடமின்றிக் கறுப்பினப் பயணிகள் பட்ட பாட்டை, மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் வணிகம் அதனால் தடைப்பட்டதை, மன்றக் குழுக்கள் முன் வந்த சாட்சியங்கள் எடுத்துக் காட்டின. நீதிபதிகள் அந்த ஏடுகளைப் புரட்டினர். ஏடு இருந்தது; சட்டம் நின்றது. இங்கே ஏடு இல்லை, சட்டம் சாய்ந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவசரம் ஒரு கட்சிக்கு மட்டும் உரிய நோயல்ல. 2023 ஏப்ரல் 21 அன்று, ஆட்சி மாறிய பின், தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிற்று. தோழமைக் கட்சியினரே வெளிநடப்புச் செய்தனர். எட்டு மணி நேர வேலைக்காக உயிர் கொடுத்த வரலாறு உடையது தொழிலாளர் இயக்கம். ஓசூர் ஆலைகளுக்குப் பேருந்திலே போய் வரும் தருமபுரி இளைஞனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், 12 மணி வேலையும் மூன்று மணிப் பயணமும் போக உறங்குவதற்கு என்ன மிஞ்சும் என்று. யார் கேட்டார்கள்? தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மூன்றாம் நாளே மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது, மே முதல் நாளன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். திரும்பப் பெற்றது பாராட்டுக்குரியது. ஆனால் தெருவிலே கேட்ட குரலை முன்னதாகவே ஒரு குழு அறையிலே கேட்டிருக்கலாமன்றோ? தேர்வுக் குழுவுக்கு மசோதாவை அனுப்பும் விதி நம் சட்டமன்றத்திலும் உண்டு. பயன்படுத்துவதுதான் அரிது. மேலவையாவது இருந்து ஒருமுறை நிறுத்திப் பார்த்திருக்கும் என்றால், அதையும் 1986இல் கலைத்தாயிற்று.

இது நம் வீட்டுக்குள்ளிருக்கும் குறை. வெளியிலிருந்து வரும் தடை வேறு. அது மௌனம்.

அமெரிக்காவிலே இரு அவையும் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரிடம் போனால், ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள் அவகாசம். அதற்குள் கையெழுத்திட வேண்டும்; அல்லது காரணங்களை எழுதி மன்றத்துக்கே திருப்ப வேண்டும். மன்றம் நடந்துகொண்டிருக்கையில் இரண்டும் செய்யாமல் பத்து நாள் கடந்தால், கையெழுத்தின்றியே அது சட்டமாகிவிடும். மன்றம் கலைந்திருந்தால் மட்டும் மசோதா அவர் சட்டைப் பையிலேயே மடியும். திருப்பி அனுப்பினால் இரு அவையும் மூன்றில் இரு பங்கு வாக்கால் அவரை மீறலாம். மீறுவதெல்லாம் ஏழைக்கு நன்மை என்று மயங்க வேண்டாம். 1947இல் தொழிற்சங்கங்களின் கையைக் கட்டிய சட்டத்தை ட்ரூமன் மறுத்தார், மன்றம் அவரை மீறி நிறைவேற்றிற்று. ஆனால் அவர் மறுத்ததும் வெளிச்சத்தில், அவர்கள் மீறியதும் வெளிச்சத்தில்.

நம் அரசியல் சட்டத்தின் 200ஆவது பிரிவு என்ன சொல்கிறது? ஆளுநர் இசைவு தரலாம், நிறுத்தி வைக்கலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கி வைக்கலாம். மறு ஆய்வுக்குத் திருப்புவதானால் 'கூடிய விரைவில்' திருப்ப வேண்டும். சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் இசைவை மறுத்தல் ஆகாது. எத்தனை நாள் என்ற எண் மட்டும் இல்லை. குடியரசுத் தலைவர் மசோதாவைத் திருப்புவது பற்றிய பிரிவின் வரைவிலே ஆறு வாரம் என்ற வரம்பு இருந்தது. அதை எடுத்துவிட்டு 'கூடிய விரைவில்' என்று மாற்றினார்கள். எச்.வி. காமத் அன்றே மறுப்புச் சொன்னார். விரைவு என்ற சொல்லுக்கு வேகம் உண்டு என்று நம்பினார்கள் அந்தப் பெரியவர்கள். பாவம்!

2020 ஜனவரியில் நம் சட்டமன்றத்தில் பிறந்த ஒரு மசோதா மாளிகைக் கதவைத் தட்டும் காட்சியை எண்ணிப் பாருங்கள்.

மசோதா: ஐயா, வணக்கம். மக்கள் மன்றம் அனுப்பி வைத்தது.

மாளிகை: (மௌனம்)

மசோதா: கையெழுத்து உண்டா, இல்லையா?

மாளிகை: (மௌனம்)

மசோதா: ஆட்சி மாறிவிட்டது ஐயா. தாங்கள்கூட மாறிவிட்டீர்கள். இப்போதாவது…

மாளிகை: (மௌனம். திரை.)

இந்த நாடகத்தை எந்த ஊர் மேடையிலும் ஐந்து நிமிடம் நடத்த முடியாது, பாய் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். தமிழ்நாட்டிலே ஆண்டுக்கணக்கில் நடந்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்தின் படியேறிய பிறகுதான், 2023 நவம்பர் 13 அன்று, பத்து மசோதாக்களுக்கு இசைவில்லை என்ற விடை வந்தது. ஐந்தாம் நாள், நவம்பர் 18 அன்று, சட்டமன்றம் கூடி அந்தப் பத்தையும் மீண்டும் நிறைவேற்றிற்று. இனி மறுத்தல் ஆகாதன்றோ? நவம்பர் 28 அன்று பத்தும் குடியரசுத் தலைவருக்கென ஒதுக்கப்பட்டு வண்டியேறின! ஆட்டுத் தாடி பற்றி அண்ணா சொன்னது இந்நேரம் உங்கள் உதட்டிலே இருக்கும். நான் வேறு திருப்பிச் சொல்லவேண்டியதில்லை.

அவற்றிலே பெரும்பாலானவை பல்கலைக்கழகங்களைப் பற்றியவை. துணைவேந்தரை அமர்த்தும் அதிகாரம் யாருக்கு என்பதைப் பற்றியவை. நம் மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருப்பவை. பட்டச் சான்றிதழிலே கையெழுத்திட வேண்டியவர் யார் என்பது, காரிமங்கலத்திலிருந்து முதன்முதலாய்க் கல்லூரிக்குப் போன பெண்ணுக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், பர்திவாலாவும் மகாதேவனும், அந்தப் பத்து மசோதாக்களுக்கும் இசைவு கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்று தீர்ப்பளித்தனர். ஏப்ரல் 11 தேதியிட்ட அரசிதழிலே பத்தும் சட்டங்களாக வெளியாயின. ஆளுநர் கையெழுத்துமின்றி, குடியரசுத் தலைவர் கையெழுத்துமின்றி, நாட்டின் வரலாற்றிலே முதன்முறையாக. நாம் இனிப்பு வழங்கினோம். வழங்கியது தவறல்ல. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மே 21 அன்று துணைவேந்தர் அதிகாரம் பற்றிய பகுதிக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதற்கு முன்பே, மே 13 அன்று, குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பியிருந்தார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் கருத்துரைத்தனர்: ஆளுநருக்கு நீதிமன்றம் நாள் குறிக்க இயலாது, இசைவு தந்ததாகக் கொள்ளுதல் என்பதற்கும் அரசியல் சட்டத்தில் இடமில்லை, எனினும் காரணமின்றி நெடுங்காலம் முடக்கி வைத்தால், முடிவெடுக்கும்படி மட்டும் நீதிமன்றம் ஆணையிடலாம், திருப்பி அனுப்பாமலே மசோதாவை முடக்கி வைக்கும் உரிமையும் ஆளுநருக்கு இல்லை.

பாதிக் கதவு திறந்தது, பாதிக் கதவு மூடிற்று. மூடிய பாதியை நீதிமன்றம் இனித் திறக்காது. அரசியல் சட்டத்தையே திருத்தி, 'கூடிய விரைவில்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலே ஓர் எண்ணை எழுதச் செய்யவேண்டும். அந்த வேலை நாடாளுமன்றத்திலே மூன்றில் இரு பங்கு வாக்கு கேட்கும் வேலை. கேரளமும் பஞ்சாபும் தெலங்கானாவும் இதே மௌனத்தால் வாடியவை, அவற்றின் தோள் நமக்கு வேண்டும். நீட் விலக்கு மசோதாவை மறவாதீர்கள்: 2021 செப்டம்பர் 13 அன்று நிறைவேறிற்று, 2022 பிப்ரவரி 8 அன்று மீண்டும் நிறைவேறிற்று, டெல்லி போயிற்று, குடியரசுத் தலைவர் இசைவு தரவில்லை என்ற செய்தி 2025 ஏப்ரல் 4 அன்றுதான் சட்டமன்றத்திலே சொல்லப்பட்டது. அந்த இடைவெளியிலே பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் கணக்கை எந்த அரசிதழும் அச்சிடுவதில்லை.

பத்து நாள் என்ற அந்த எண்ணை டெல்லியிடம் கேட்கும் நமக்கு, நம் சட்டமன்றத்திடமும் கேட்க ஒன்று உண்டு. அமைச்சர் மசோதாவைக் கொண்டுவரும் நாளுக்கும் 'ஆம் என்போர் ஆம் என்க' என்று பேரவைத் தலைவர் கேட்கும் நாளுக்கும் இடையிலே, எதிர்ப்போரும் வந்து பேசும் ஒரு குழு அறை. தருமபுரி மாவட்டத்துக்கு ஐந்து சட்டமன்ற உறுப்பினர்கள்: பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர். எந்தக் கட்சியாராயினும் போய்ப் பாருங்கள். தெருவிளக்கும் சாக்கடையும் கேட்கும்போதே இதையும் கேளுங்கள்: கடந்த கூட்டத்தொடரிலே எந்தெந்த மசோதாவுக்குக் கை தூக்கினீர்கள், அதைப் படித்தீர்களா, குழுவுக்கு அனுப்பக் கோரினீர்களா? மசோதாக்கள் அரசிதழில் அச்சாகின்றன. பேரவையின் இணையதளத்திலும் கிடைக்கின்றன. கிளைக் கழகத்துப் படிப்பகத்திலே நாளேட்டுக்குப் பக்கத்தில் அவற்றுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். நடை கடினம்தான், வாக்கியம் ஒரு முழம் நீளும். இருவர் சேர்ந்து படித்தால் புரியும்.